ஈபேல இருந்து ஆளுங்க ஏன் போனாங்க? வித்தவங்க, வாங்கினவங்க ரெண்டு பக்கமும் சொல்லுங்க

செம்பருத்தி:
நான் பழைய கேமரா லென்ஸ் தேடித் தேடி வாங்குறவ. ஈபேன்னா நெட்ல ஏலம் விடுற தளம்ல, எந்த பழைய பதிவைப் படிச்சாலும் "ஈபேல ஏலத்துல எடுத்தேன்"னு தான் எழுதியிருக்காங்க. இப்ப அந்தப் பேச்சே காணோம். ஈபே இந்தியாவை ஃப்ளிப்கார்ட் வாங்கி 2018 ஆகஸ்ட் 14ல மூடுனாங்கன்னு தெரியும், அதைத் திருப்பி சொல்ல வேணாம். மூடுறதுக்கு ரொம்ப முன்னாடியே கூட்டம் கரைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, அது ஏன்? அமெரிக்காவுல, லண்டன்லயும் பழைய செல்லருங்க கோவமா தான் எழுதுறாங்க. உள்ள இருந்து வித்தவங்க யாராவது விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்டாம்ப்ஆல்பம்:
கேட்டதுக்கு நன்றிம்மா, இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா இருக்கு, கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல இது என்ன மாதிரி இடமா இருந்துச்சுன்னு இப்ப உள்ளவங்களுக்குத் தெரியணும். 1995 செப்டம்பர்ல பியர் ஒமிடியார்ங்கறவர் கலிஃபோர்னியாவுல வீட்டுல உக்காந்து எழுதுன ப்ரோகிராம் தான் அது, அப்ப பேரு ஆக்‌ஷன்வெப். அதுல வித்த முதல் பொருள்னு சொல்றது ஒரு உடைஞ்ச லேசர் பாயின்டர், 14.83 டாலருக்குப் போச்சு. உடைஞ்ச பொருளையும் தேடி வாங்க உலகத்துல எங்கயோ ஒருத்தர் இருக்கார்ல, அவரையும் விக்கிறவரையும் சேத்து வைக்கிறது தான் மொத்த வியாபாரமும். நம்ம ஊர்ல பாஸிடாட்காம்னு மும்பைல 2000த்துல ஆரம்பிச்சது, அதை 2004ல சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே வாங்குச்சு, அடுத்த வருஷம் பேர் மாறுச்சு.

அங்க என்னவெல்லாம் போச்சு தெரியுமா. எஃப்டிசி (புது ஸ்டாம்ப் வெளியாகுற அன்னைக்கு முத்திரை குத்துன கவர்), மினியேச்சர் ஷீட் (சின்ன ஸ்டாம்ப் தாள்), பழைய தீப்பெட்டி லேபிள், 786ல முடியுற நோட்டு (அதுக்குன்னே பெரிய கூட்டம் இருந்துச்சு), ஹெச்எம்டி வாட்ச், கிராமஃபோன் தட்டு. இதுக்கெல்லாம் எம்ஆர்பி கிடையாது. ஒரு ஸ்டாம்ப் செட்டுக்கு என்ன விலைன்னு மவுண்ட் ரோடு பக்கம் உள்ள டீலர் ஒன்னு சொல்வார், கல்கத்தா டீலர் வேற சொல்வார், நமக்கு நெஜ விலை தெரியாது. ஏலத்துல விட்டா நாலு பேர் பிட் போட்டு (விலை கேட்டு) அந்த வாரத்து விலை வெளிய வந்துரும். சின்ன ஊர்ல இருந்து இதெல்லாம் சேக்குற ஒரு கலெக்டருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லி முடியாது. டீலர் கிட்ட ஏமாந்துட்டு இருந்தவங்க முதல் தடவையா தலை நிமிந்தது அங்க தான்.

அந்த கூட்டத்தை ஈபே தானே கைவிட்டுச்சு. இது தான் என் கட்சி. போட்டி வந்துச்சு, காலம் மாறுச்சுங்கறதெல்லாம் ரெண்டாவது. நம்மள வச்சு வளந்த கம்பெனி, பெரிய கடை மாதிரி ஆகணும்னு ஆசைப்பட்டு நம்மளயே இடைஞ்சலா பாக்க ஆரம்பிச்சுது.

ரிச்சிதெரு:
அண்ணே நீங்க சொல்றது கலெக்டர் பக்கம். நான் ராம், ஹார்டு டிஸ்க், லேப்டாப் பேட்டரி வித்தவன், எங்க பக்கம் கதை வேற.

இந்தியாவைப் பொறுத்தவரைக்கும் 2010 தான் திருப்பம், ஃப்ளிப்கார்ட் அந்த வருஷம் கேஷ் ஆன் டெலிவரி கொண்டு வந்தான். ஜனங்களுக்கு கார்டு நம்பரை நெட்ல போட பயம், பாதி பேர் கிட்ட கார்டே கிடையாது, பொருளைக் கையில பாத்துட்டு காசு குடுக்கறோம்னா யார் தான் வேணாம்பாங்க. ஈபேல பைசாபே இருந்துச்சு, வாங்குறவர் கட்டுன காசை நடுவுல வச்சிருந்து பொருள் போனப்புறம் நமக்கு விடுவாங்க, நல்ல ஏற்பாடு தான், ஆனா மொதல்லயே கட்டணும்ல. அப்புறம் குடோன். ஃப்ளிப்கார்ட்டும் 2013 ஜூன்ல வந்த அமேசானும் குடோன் கட்டுனாங்க, சொந்தமா டெலிவரி பசங்களை வச்சாங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துச்சு. ஈபேல ஒவ்வொரு செல்லரும் அவனவன் கொரியர்ல அனுப்புவான், ஒருத்தன் நல்லா குமிழி கவர் சுத்தி அனுப்புவான் இன்னொருத்தன் நியூஸ்பேப்பர்ல சுத்தி அனுப்புவான், வாங்குறவனுக்கு எல்லாமே ஒரே ஈபே தானே, பேர் கெட்டா மொத்தமா கெடும்.

பழைய பொருளுக்கு ஓஎல்எக்ஸ், குவிக்கர் வந்துருச்சு, பக்கத்து தெருக்காரன் கிட்ட நேர்ல பாத்து பேரம் பேசி வாங்கிக்கலாம், கமிஷனே கிடையாது. புதுசு அமேசானுக்குப் போச்சு, பழசு ஓஎல்எக்ஸுக்குப் போச்சு, நடுவுல ஈபேக்கு என்ன மிஞ்சும் சொல்லுங்க. இன்னொன்னு, ஈபேக்கே இந்தியாவுல தன் கடை மேல நம்பிக்கை இருந்த மாதிரி தெரியல, 2013லயும் 2014லயும் ஸ்னாப்டீல்ங்கற இன்னொரு நெட் கடைல காசு போட்டாங்க, 2017ல ஃப்ளிப்கார்ட்டுக்கு 50 கோடி டாலர் குடுத்து ஈபே இந்தியாவையும் அவங்க கையில ஒப்படைச்சு பங்கு வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வருஷம் வால்மார்ட் வந்து ஃப்ளிப்கார்ட்டை எடுத்தப்ப அந்தப் பங்கை சுமார் 110 கோடி டாலருக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. கம்பெனிக்கு லாபம். அங்க வாங்குனவங்க போட்ட ஃபீட்பேக் ஸ்டாரை வருஷக்கணக்கா சேத்த செல்லருக்கு? அந்த ஸ்டார் எதையும் எங்கயும் எடுத்துட்டுப் போக முடியாது, ஒரே நாள்ல ஜீரோ.

கோட்எழுதுறவன்:
ரெண்டு பேரும் சொல்றது சரி, ஆனா ஏலம்ங்கற முறைக்கே வயசாயிடுச்சுங்கறதை விட்டுட்டீங்க. 2000 வாக்குல ஒரு ஸ்கேனர் என்ன விலைன்னு தெரியணும்னா வேற வழி இல்ல, ஏலம் தான் விலை சொல்லும். கூகுள் வந்து அமேசான் வந்து எல்லா விலையும் ஒரு நொடில தெரிஞ்சப்புறம் ஏழு நாள் எதுக்கு காத்திருக்கணும்? அதுவும் கடைசி அஞ்சு நொடில சாஃப்ட்வேர் வச்சு பிட் போட்டு எடுத்துட்டு போற ஸ்னைப்பிங் வேற. வேலைக்குப் போறவன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலம் முடியுதுன்னு உக்காந்திருக்க முடியாது.

இதை ஸ்டான்ஃபோர்டு பொருளாதார ஆளுங்க ஈபேயோட சொந்த டேட்டாவை வச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2000களோட ஆரம்பத்துல ஈபேல கிட்டத்தட்ட எல்லாமே ஏலம். பத்து வருஷத்துல ஃபிக்ஸ்டு ப்ரைஸ் (ஏலம் இல்லாம ஒரே விலை) மேல வந்துருச்சு. விக்கிற பொருள் மாறுனதால மட்டும் இல்ல, அதே மாதிரி பொருளுக்கே வாங்குறவங்க ஏலத்துல முன்ன குடுத்த அளவுக்கு விலை குடுக்கத் தயாரா இல்லன்னு தான் அவங்க சொல்றது. அதனால ஈபே அமேசான் பக்கம் சாய்ஞ்சதை முழு தப்புன்னு சொல்ல மாட்டேன். கூட்டம் போற பக்கம் போனாங்க.

கொக்குவில்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் லண்டனில இருக்கிறன், பழைய ஹைஃபை சாமான், எல்பி ரெக்கோட்டுகள் வாங்கி விக்கிறனான். இஞ்ச கதைக்கிறதைப் பாக்க 2008 ஐப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

மெக் விட்மன் போய் ஜான் டோனஹோ தலைமைக்கு வந்த வருசம் அது. அமெரிக்காவில பெப்ரவரியில சாமானை விக்கப் போடேக்க கட்டுற லிஸ்டிங் ஃபீஸைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு, வித்தாப் பிறகு எடுக்கிற கமிஷனைக் கூட்டினவை. 25 டொலருக்கு உட்பட்ட சாமானுக்கு 5.25 வீதமா இருந்தது 8.75 ஆச்சு. சின்னச் சின்னச் சாமான் விக்கிற ஆக்களுக்கு அது எவ்வளவு அடி எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உடன செல்லர்மார் ஒரு கிழமை ஒண்டும் லிஸ்ட் பண்ணாமல் ஸ்ட்ரைக் செய்தவை. அதே வருசம் மே மாசத்தில இருந்து வாங்கினவைக்கு செல்லர் நெகட்டிவ் ஃபீட்பேக் போடேலாது எண்டும் சட்டம் கொண்டு வந்தவை.

அதுக்கு அவை சொன்ன நியாயத்தையும் சொல்ல வேணும். வாங்கினவர் நெகட்டிவ் போட்டால் செல்லர் பழிக்குப் பழி நெகட்டிவ் போடுவார், அந்தப் பயத்தில வாங்கினவை உண்மையைச் சொல்லாமல் பேசாமல் இருந்தவை. அது உண்மை தான், எனக்கும் தெரியும். ஆனால் மருந்து நோயை விடப் பெரிசாப் போச்சுது. காசு கட்டாமல் இழுத்தடிக்கிறவர், பொய்யாத் திருப்பி அனுப்புறவர், எல்லாருக்கும் நூறு வீதம் நல்ல பேர். விக்கிறவர் எதிர்ல இருக்கிற ஆள் எப்பிடிப்பட்டவர் எண்டு அறிய வழியே இல்லை. ஒமிடியார் 1996 இல ஃபீட்பேக் தொடங்கேக்க ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் எடை போடுறதுக்குத் தான் தொடங்கினவர். அந்தத் தராசில ஒரு தட்டைக் கழட்டி வச்சாச்சு.

ஸ்டாம்ப்ஆல்பம்:
கொக்குவில் தம்பி, சரியான இடத்துல கை வச்சீங்க. 2008ல இன்னும் ரெண்டு விஷயம் நடந்துச்சு, இதை நிறைய பேர் மறந்துட்டாங்க.

ஒன்னு தேடுற முறை. அதுக்கு முன்னாடி எதைத் தேடினாலும் சீக்கிரம் முடியப் போற ஏலம் முதல்ல வரும். அதனால யாரா இருந்தாலும், இன்னைக்கு புதுசா வந்த செல்லரா இருந்தாலும், அவங்க பொருள் முடியுற நேரத்துல ஒரு தடவையாவது மேல வந்துரும், எல்லாருக்கும் ஒரே வரிசை. 2008ல பெஸ்ட் மேட்ச்னு மாத்துனாங்க. எது மேல வரணும்னு கம்பெனி கணக்கு போடும், யாருக்கும் முழுசா விதி தெரியாது. பொருள் உள்ள கிடக்கு, ஆனா யார் கண்ணுலயும் படல. ஒரு வியாபாரிக்கு இதை விட பெரிய பயம் ஒன்னும் கிடையாது.

ரெண்டாவது, அதே வருஷம் பைடாட்காம்னு ஒரு பெரிய கம்பெனியோட தனி ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கான புதுப் பொருளை லிஸ்டிங் ஃபீஸே இல்லாம ஏத்த விட்டாங்க. பத்து வருஷமா ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் காசு கட்டிட்டு இருந்தவனுக்கு எப்படி இருக்கும்? அக்டோபர்ல இருந்து அமெரிக்காவுல செக், மணி ஆர்டர் வாங்கக் கூடாதுன்னுட்டாங்க. வயசான கலெக்டருங்க பாதி பேர் செக் தான் அனுப்புவாங்க. அவங்க புதுசா பேபால் (நெட்ல காசு கட்டுற வசதி) கத்துக்கல, அப்படியே நின்னுட்டாங்க.

கோடு தம்பி, ஏலத்துக்கு வயசாச்சுன்னு சொல்றீங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன். புது ஸ்கேனருக்கு ஏலம் வேணாம் சரி. ஒரே ஒரு பொருள் தான் இருக்கு, அடுத்தது எப்ப கிடைக்கும்னு தெரியாதுங்கற இடத்துல ஏலத்தை விட்டா வேற வழியே இல்ல. இப்ப அமெரிக்காவுல வாட்நாட்னு 2019ல ஆரம்பிச்ச ஆப் பாருங்க, நேரலை வீடியோவுல ஒருத்தர் ட்ரேடிங் கார்டை (சேத்து வைக்கிற படக் கார்டு) காட்டி ஏலம் போடுறார், ஆயிரக்கணக்குல பாக்குறாங்க, வாங்குறாங்க. ஏலம் செத்திருந்தா அது எப்படி ஓடும்? ஈபேயும் பின்னாடியே ஈபே லைவ்னு ஓடுது.

கோட்எழுதுறவன்:
வாட்நாட் நல்ல பாயின்ட் சார். ஆனா பாருங்க அது ரெண்டே நிமிஷத்துல முடியுற ஏலம், ஷோ பாக்குற மாதிரி. ஏழு நாள் ஏலத்துக்கு அது சாட்சி ஆகாது. ஏலம் இருக்கும், அதோட நேரம் சுருங்கிடுச்சுன்னு வச்சுக்கலாம். ஒரே ஒரு பொருள்ங்கற விஷயத்துல உங்க கூட தான் நிக்கிறேன், அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கணும் அவங்க.

தேக்காவாசி:
சிங்கப்பூர்ல இருந்து. சீனா கதையைச் சேக்காம விட்டா பாதி தான்.

ஈபே 2002ல ஈச்நெட்ங்கற சீன ஏலத் தளத்துல மூனுல ஒரு பங்கை 3 கோடி டாலருக்கு எடுத்தாங்க, 2003ல மிச்சத்தை 15 கோடிக்கு எடுத்தாங்க. அப்ப அங்க அவங்க தான் ராஜா, எதிர்ல ஆளே இல்ல. அதே 2003ல அலிபாபா கம்பெனி ஜாக் மா தாவ்பாவ்ங்கற போட்டித் தளத்தை ஆரம்பிச்சார். செல்லருக்கு ஃபீஸ் கிடையாது. வாங்குறவரும் விக்கிறவரும் நேரா சாட்ல பேசிக்கலாம், பேரம் பேசலாம். ஈபே அதை விடாது, ஏன்னா நேரா பேசிட்டா தன்னை விட்டுட்டு வெளிய முடிச்சுக்குவாங்க, கமிஷன் போயிடும்னு பயம். தாவ்பாவ்ல கமிஷனே இல்லாததால அந்தப் பயமே இல்ல. அலிபேங்கற அவங்க பணம் கட்டுற வசதி வந்து பொருள் கைக்கு வர்ற வரைக்கும் காசை நடுவுல வச்சிருந்தாங்க. ஈபே என்ன பண்ணுச்சுன்னா 2004ல சீனத் தளத்தை எடுத்து உலகம் முழுக்க உள்ள தன் ஒரே அமைப்புக்கு மாத்துச்சு, சைட் மெதுவாச்சு, சீனாக்காரங்களுக்குப் பழகுன வசதியெல்லாம் காணாமப் போச்சு, அங்க ஒரு சின்ன மாத்தம் பண்ணணும்னா அமெரிக்கா சம்மதிக்கணும். 2006 கடைசில சீன சைட்டை டாம் ஆன்லைன்ங்கற கம்பெனியோட கூட்டுக்கு விட்டுட்டு ஒதுங்கிட்டாங்க. மூனே வருஷம்.

ஜப்பான்லயும் இதே தான். யாஹூ ஏலம் 1999ல வந்து ஃபீஸ் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு, ஈபே சில மாசம் பிந்தி வந்து ஃபீஸ் கேட்டாங்க, 2002ல மூட்டை கட்டியாச்சு. கூட்டம் இருக்குற இடத்துக்குத் தான் கூட்டம் வரும், பிந்தி வந்தவன் காசும் கேட்டா யார் வருவா.

ரிச்சிதெரு:
தேக்கா அண்ணே, சாட் விஷயம் சூப்பர். நம்ம ஊர்லயும் அதே தான், பேசாம வாங்குற பழக்கமே நமக்கு இல்ல. ஒரு ராம் வாங்குறதுக்குள்ள "மதர்போர்டு இது, செட் ஆகுமா"ன்னு ஃபோன்ல கேட்டுட்டு தான் வாங்குவான். அதைத் தடுத்தா வாங்கவே மாட்டான்.

ரிட்டர்ன் பத்தி ஒன்னு சொல்றேன். இப்ப நான் விக்கிறது வேற ஒரு பெரிய தளம், பேர் வேணாம். வாங்குனவர் நல்ல பார்ட்டைக் கழட்டிக்கிட்டு தன் பழைய பார்ட்டை உள்ள வச்சு திருப்பி அனுப்பினார், சீரியல் நம்பர் ஃபோட்டோ, பேக்கிங் வீடியோ எல்லாம் குடுத்தேன், பதில் மெஷின் எழுதுற மாதிரி ஒரே வரி, காசு அவருக்குப் போச்சு. பழைய ஈபே இந்தியா காலத்துல ஆள் கிட்ட பேச முடிஞ்சுது, செல்லர் கூட்டம் போடுவாங்க, கஷ்டத்தைக் கேப்பாங்க. இது ஒரு தளத்தோட குத்தம் மட்டும்னு நான் நினைக்கல, எல்லாருமே வாங்குறவன் பக்கம் முழுசா சாய்ஞ்சுட்டாங்க. வாங்குறவன் கோடிக்கணக்குல, செல்லர் கொஞ்சம் பேர், ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான்னு கணக்கு. ஆனா அரிய பொருள் வச்சிருக்குற செல்லர் போனா அந்தப் பொருள் திரும்ப வராது. ஸ்டாம்ப் அண்ணன் சொல்ற இடத்துல தான் நானும் வந்து நிக்கிறேன்.

செம்பருத்தி:
இவ்ளோ விஷயம் இருக்கும்னு நினைக்கல. ஒரு சந்தேகம், இப்ப அமெரிக்காவுல கமிஷன் எவ்வளவு? அங்க இன்னும் ஆள் இருக்காங்களா இல்லையா?

கோட்எழுதுறவன்:
பெரும்பாலான பொருளுக்கு 13 சதவீதத்துக்கு மேல. பொருள் விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங் காசுக்கும் சேத்து. அந்த ஷிப்பிங் கமிஷன் 2011ல வந்தது. அதுக்கும் காரணம் இருக்கு, பொருளை ஒரு சென்ட்னு போட்டுட்டு ஷிப்பிங்ல இருபது டாலர் வாங்கி கமிஷன்ல தப்பிச்சவங்க நிறைய பேர். ஆனா அதுக்காக நேர்மையா தபால் செலவு மட்டும் வாங்குறவங்க தலையிலயும் விழுந்துச்சு.

ஆளுங்க: 2021 கடைசில 14 கோடியே 70 லட்சம் பேர் வாங்கிட்டு இருந்தாங்க, 2023 கடைசில 13 கோடியே 20 லட்சம். கொரோனா நேரத்துல வந்தவங்க திரும்பிப் போனதும் இதுல இருக்கு. செத்துப் போச்சுன்னு சொல்ல முடியாது, 2023ல சுமார் 7,300 கோடி டாலருக்குப் பொருள் கை மாறியிருக்கு. 2020ல வந்த சிஇஓ ஜேமி அயனோன், ட்ரேடிங் கார்டு, வாட்ச், ஸ்னீக்கர், பழைய கார் பார்ட்ஸ்னு அரிய பொருள் பக்கம் திருப்பி இழுக்கப் பாக்குறார். சார் சொன்ன கூட்டத்தைத் தான் இப்ப திரும்பக் கூப்பிடுறாங்க.

கொக்குவில்காரன்:
இஞ்சயும் அப்பிடித்தான். 2024 ஒக்டோபரில இருந்து யுகேல சாதாரண ஆக்கள் வீட்டுச் சாமான் வித்தால் கமிஷன் இல்லை. ஜெர்மனியில 2023 இலயே செய்திட்டினம். ஏன் எண்டால் வின்டட். லித்துவேனியாக் கொம்பனி, விக்கிறவைக்கு ஒரு சதமும் இல்லை, பிள்ளையளின்ட உடுப்பெல்லாம் எங்கட சனம் இப்ப அதில தான் விக்குது. ஆனால் 2025 இல இருந்து ஈபே அதே காசை வாங்கிற ஆக்களிட்ட பாதுகாப்புக் கட்டணம் எண்டு எடுக்கத் தொடங்கீட்டினம். இருவது வருசம் முந்தி செல்லர் கேட்டதைச் செய்ய ஒரு லித்துவேனியாக் கொம்பனி வந்து அடிக்க வேண்டி இருந்தது.

இன்னொண்டு, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2019 இல அமெரிக்காவில ஈபே செல்லர்மாருக்குச் செய்தி எழுதுற ஒரு புருசன் பெண்சாதியை, ஈபேயின்ட பாதுகாப்புப் பிரிவு ஆக்களே பயமுறுத்தினவை. உயிரோட சிலந்தி, கரப்பான், ரத்தம் பூசின பன்றி முகமூடி எல்லாம் வீட்டுக்கு அனுப்பினவை. கோர்ட்டில குற்றத்தை ஒத்துக்கொண்டு ஆக்கள் ஜெயிலுக்குப் போனவை, 2024 இல கொம்பனி 30 லட்சம் டொலர் தண்டம் கட்டினது. விமர்சனம் எழுதினதுக்கு. செல்லரின்ட குறையை எழுதுற ஆளை எதிரியாப் பாக்கிற இடத்துக்கு ஒரு கொம்பனி போனால், விக்கிறவை ஏன் நிக்கப்போகினம்?

ஸ்டாம்ப்ஆல்பம்:
அதைப் படிச்சப்ப ரெண்டு நாள் மனசு சரியில்ல தம்பி. அவங்க எழுதுனது எல்லாம் செல்லருக்கு உபயோகமான விஷயம், ஃபீஸ் மாறுது, விதி மாறுதுன்னு. நாங்களும் அதைப் படிச்சு தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

குளத்துமேடு:
நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க. எங்க தாத்தா சேத்து வச்ச விக்டோரியா ராணி, ஜார்ஜ் மன்னர் காசு, கொஞ்சம் ஸ்டாம்ப் இருக்கு. விக்கணும், வீட்டுல பணத் தேவை. ஈபே இந்தியா இல்ல, அமெரிக்க ஈபேல போடலாமா? யூட்யூப்ல பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம்னு நம்பர் போடுறாங்களே, அது நெஜமா?

ஸ்டாம்ப்ஆல்பம்:
யூட்யூப் நம்பருக்குத் தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க. முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன், ஜிஎஸ்டின்னு உங்க கிட்ட காசு கேப்பாங்க, அதோட காணாமப் போயிடுவாங்க. ரிசர்வ் பேங்கே 2021ல இதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு, ட்ராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டுக்கு லட்சம்ங்கறதெல்லாம் பொய்.

விக்டோரியா காசை வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. அஞ்சாம் ஜார்ஜ் காசா இருந்தா வருஷம் பாருங்க, நூறு தாண்டியிருந்தா அதுவும் அப்படித்தான். உள்நாட்டுலயே வித்துக்கலாம், அதுக்குத் தடை இல்ல.

முதல்ல எதையும் தேய்ச்சுக் கழுவாதீங்க, புளி போட்டுத் தேய்ச்சா பாதி விலை போயிடும். ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்து, வருஷம், அதுக்குக் கீழ சின்னதா எழுத்தோ புள்ளியோ இருந்தா அதுவும் (எந்த மின்ட்ல, அதாவது எந்த நாணயச் சாலைல அடிச்சதுன்னு அதுல தெரியும்) தெளிவா தெரியுற மாதிரி இங்க போடுங்க. ஸ்டாம்ப்பை ஆல்பத்துல இருந்து பிய்க்காதீங்க, பக்கத்தோட ஃபோட்டோ போதும். நான் பாத்து சொல்றேன், இங்க இன்னும் ரெண்டு மூனு காயின் ஆளுங்க இருக்காங்க அவங்களும் சொல்வாங்க. அப்புறமா கலெக்டருங்க வாட்ஸ்அப் குரூப்ல ஞாயித்துக்கிழமை ஏலம் போடுறோம், அட்மின் ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள், கமிஷன் கிடையாது. அதுல போட்டு விடலாம்.

குளத்துமேடு:
ரொம்ப நன்றி ஐயா. நாளைக்கு பகல்ல எடுத்து போடுறேன். ஒன்னுல 1840ன்னு இருக்கு.

ஸ்டாம்ப்ஆல்பம்:
1840 ஒரு ரூபாயா? வெள்ளியா இருந்தா, ராணி தலைக்கு மேல எழுத்து ஒரே வளைவா சுத்தி ஓடுதா, இல்ல ரெண்டு பக்கமும் பிரிஞ்சு இருக்கான்னு பாருங்க. ரெண்டுக்கும் விலை வேற வேற. எடையும் போட்டுச் சொல்லுங்க, 11.66 கிராம் பக்கத்துல வரணும்.